தோள் என்று தேடினால்

அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தவர்கள் கல்லூரி விடுதித் தோழிகள். தண்ணீர்ப் புட்டி வாங்கப் போனாலும் மூன்று கடை ஏறி இறங்குவாள். இதில் மூடி நல்லது, அதில் கைப்பிடி நல்லது என்று நின்றுகொண்டே இருப்பாள். கூடப் போனவர்களுக்குக் கால் கடுக்கும். கடைசியில் எதையும் வாங்காமல் திரும்பி, எதை வாங்கியிருக்கலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவாள். பெயர் ஒட்டிக்கொண்டது. படிப்பு முடிந்து, பிசியோதெரபிஸ்ட் ஆகி, கல்யாணமாகி, மகள் வெளியூருக்குப் படிக்கப் போய், காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அது போகவில்லை.

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்பது அவர் தொழில். வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியை அவள் அவரிடம் கேட்பாள், இரண்டு திரைச்சீலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. "எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது" என்பார். கண்ணாடிக்காரர் வாயிலிருந்து வரக் கூடாத பதில் அது.

வேலையில் மட்டும் அந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. இறுகிப்போன தோளை இன்றைக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலாமா, விட்டுவிடலாமா என்பதை எடைபோடத் தெரியாதவர்கள் அந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. அவள் கைபட்ட தோள்கள் பெரும்பாலும் நல்லபடியாக மேலே போயின.

கிளினிக் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கீழே கல் அறுக்கும் சத்தம், மேலே முனகல் சத்தம். நடத்துபவர் எலும்பு மருத்துவர், எல்லோருக்கும் மேடம். அவருக்குக் கீழே இரண்டு பிசியோதெரபிஸ்டுகள்: ஒன்று அவள், இன்னொன்று ஜிம். ஜிம் என்பது அவனுக்கு அவள் வைத்த பெயர். எழுபது வயது இடுப்பாக இருந்தாலும் "இன்னும் ஒண்ணு, கமான், இன்னும் ஒண்ணு" என்று உற்சாகப்படுத்துவான். நல்ல பையன்தான். நிதானம்தான் மருந்துக்கும் கிடையாது.

வேலையில் பாதி, வீடு வீடாகப் போய்ச் செய்வது. இன்றைக்கு இவள் போன வீட்டுக்கு நாளை அவன் போவான். முந்தின நாள் என்ன செய்தார்கள், எங்கே வலி, எதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் போனில் இருக்கும் குறிப்புச் செயலியில்தான். அது சரியாக ஓடினால் கிளினிக் ஓடும்.

பல வருடங்களாக ஒரு பெரிய நிறுவனத்தின் செயலியை வைத்திருந்தார்கள். முதலில் ஒழுங்காக இருந்தது. பிறகு மேலே விளம்பரம் வந்தது, பிறகு கீழேயும் வந்தது. ஒரு காலையில் திறந்தால் நீளமாக ஓர் அறிவிப்பு: உங்கள் குறிப்புகளை எங்கள் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்வோம், சம்மதமா? சம்மதம் என்ற பொத்தான் பெரிதாக இருந்தது. இல்லை என்ற பொத்தானைக் காணோம். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாருக்கு மூத்திரம் அடங்கல, யாரு கீழ விழுந்தாங்க எல்லாம் அதுல இருக்கு. இவன் எடுத்துப் படிப்பானாமா? வேற ஏதாவது பாருங்க. பாத்துட்டு வேணும், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு."

தனக்குப் பொறுமை இருக்கிறது என்று யாராவது சொன்னாலே அவள் உஷாராகிவிடுவாள். அதற்குப் பின்னால் ஒரு வேலை வரும்.

அவளுடைய சொந்தத் தம்பி கணினிக்காரன். விஷயத்தைக் கேட்டதும், காத்துக்கொண்டிருந்தவன் போல ஞாயிற்றுக்கிழமை மதியமே மடிக்கணினியோடு வந்து இறங்கினான். அவனிடம் திறமூலம் என்று ஒரு சொல் சிக்கினால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம்.

"அக்கா, இது யாருக்கும் சொந்தமில்ல. உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம், திருத்தலாம். விளம்பரம் கெடையாது. நீ எழுதுறத பூட்டித்தான் அனுப்பும், சாவி உங்க கிளினிக்ல மட்டும்தான். நெட் இல்லாட்டியும் தெறக்கும். நாளைக்கு பிடிக்கலன்னா உன் குறிப்பு மொத்தத்தையும் சாதா எழுத்து ஃபைலா அள்ளிட்டுப் போயிடலாம். எவனும் தடுக்க முடியாது."

"சாவி தொலைஞ்சா?"

"தொலைக்கக் கூடாது."

"தொலைஞ்சா?"

"எல்லாம் போச்சு. யாராலும் தெறக்க முடியாது. அதுதானேக்கா பாதுகாப்பு."

அதை அவள் நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று யோசித்து, இரண்டிலும் எழுதிக்கொண்டாள்.

செயலியின் சின்னம் சாம்பல் நிறத்தில் ஒரு நத்தை. வீட்டை முதுகிலேயே சுமந்து போவதால் நத்தையாம். தம்பி கண்கள் மின்ன விளக்கினான். வேகத்தை வைத்துத்தான் அந்தப் பெயர் என்பதை அவள் பிறகு தெரிந்துகொண்டாள்.

முதல் சில நாட்கள் புதுமணத் தம்பதி மாதிரி போயிற்று. ஒரு நோயாளியின் வீடு அடித்தளத்தில். கீழே இறங்கினாலே சிக்னல் செத்துவிடும். பழைய செயலி அங்கே ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக் கைகழுவிவிடும். நத்தை தொட்டதும் திறந்தது. குறிப்பைப் படித்தாள், எழுதினாள், மேலே ஏறி வந்ததும் அது தானாகக் கிளினிக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. விளம்பரம் இல்லாத திரையைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ நிறுத்திவிட்டது போலக் காதுக்கே சுகமாக இருந்தது. "பரவால்லங்க, உருப்படியான சாமான்" என்று கணவரிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு தீர்ப்பு இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

பிறகு நத்தை கொம்பை நீட்டியது.

தோள் வலிக்காரர்கள் எத்தனை பேர், யார் யாருக்கு முன்னேற்றம் என்று மேடம் கேட்டார். "இதோ" என்று கிளினிக் கணினியில் தோள் என்று தேடினாள். வந்தவர்கள் பாதிப்பேர்தான். மீதித் தோள்கள் எங்கே? நேற்றுத்தான் ஒரு டெய்லருக்கு இடது தோளைப் பிடித்துவிட்டு எழுதினாள். அந்தக் குறிப்பைக் கையால் தேடிப் போய்ப் பார்த்தால் அங்கேயே இருக்கிறது, தோள் என்று பெரிதாகவே இருக்கிறது. தேடினால் மட்டும் இல்லை என்கிறது. கண்ணெதிரே நிற்கும் ஆளை ஊரில் இல்லை என்று சொல்லுகிற வாட்ச்மேன் மாதிரி.

அன்று மாலை முழுவதும் மண்டை காய்ந்தது. தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எதையோ ஓட்டிப் பார்த்துவிட்டு "அட" என்றான். கணினி ஓகாரக் குறியை ஒரே துண்டாகப் போடுகிறது. அவளுடைய போனின் விசைப்பலகையோ இரட்டைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே தோள்தான். நத்தைக்கு அவை இரண்டு வேறு வேறு சொற்கள். போனில் எழுதிய தோளைக் கணினி பார்க்காது, கணினியில் எழுதிய தோளைப் போன் பார்க்காது.

"ரொம்ப சுவாரசியமான பிரச்சினைக்கா இது" என்றான் தம்பி.

"எனக்கு சுவாரசியம் வேணாம். தோள் வேணும்."

அது போதாதென்று அச்சு. நோயாளிகளுக்குப் பயிற்சி முறைகளை ஒரு தாளில் அடித்துக் கொடுப்பது அவள் வழக்கம். நத்தையிலிருந்து அடித்த தாளில் கொம்புகள் எல்லாம் இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. அவளுடைய நோயாளிகளில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்கால் மூட்டை மாற்றி வைத்தவர். தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அம்மா, இது எந்த ரூட்டுமா? போர்டே படிக்க முடியல."

அவள் தாளைப் பிடுங்கிக் கையால் மறுபடி எழுதிக் கொடுத்தாள்.

நத்தைக்குப் புகார் சொல்ல அலுவலகம் கிடையாது, தொலைபேசி எண் கிடையாது. ஒரு மன்றம் மட்டும் இருந்தது. உலகத்தில் நத்தை வைத்திருப்பவர்கள் எல்லாம் அங்கே கூடி ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். தம்பி உதவியோடு அவளும் எழுதிப் போட்டாள். மூன்று பதில் வந்தது. ஒருவர், "என்னிடம் நன்றாக வேலை செய்கிறதே" என்றார். அவர் தமிழில் தேடியிருக்க வாய்ப்பே இல்லை. இன்னொருவர், துணைநிரல்கள் என்ற ஒட்டுச் சாமான்களை எல்லாம் நீக்கிவிட்டு, செயலியையும் நீக்கிவிட்டு, மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார். மூன்றாமவர்தான் அவள் ரத்தத்தைக் கொதிக்க வைத்தார். "நிரல் திறந்தே இருக்கிறது. நீங்களே சரிசெய்து அனுப்பலாம், வரவேற்கிறோம்" என்று கீழே ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தார்.

"என்ன திமிரு பாருங்க" என்று கணவரிடம் பொரிந்தாள். "முட்டி வலின்னு ஒருத்தர் எங்கிட்ட வந்தா, இந்தாங்க எலும்பு புஸ்தகம் அலமாரில இருக்கு, நீங்களே படிச்சு சரி பண்ணிக்கோங்கன்னு சிரிக்கவா செய்யறேன் நான்?"

"காசு குடுக்கல இல்ல, அதான்" என்றார் அவர்.

"காசு குடுத்தவன் மட்டும் என்ன கிழிச்சான்? சம்மதம்னு ஒரே பொத்தான் வெச்சான்."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இதற்குள் ஒரு விற்பனையாளரும் மேடத்தைப் பிடித்து, பளபளவென்று ஒரு செயலியைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அதையும் பார்த்துச் சொல்லும் வேலை அவள் தலையில்தான் விழுந்தது. பார்த்தாள். அழகு என்றால் அழகு. தோள் என்றால் அத்தனை தோளும் வரிசையாக வந்தன. "நாங்க நாளைக்கு விட்டுட்டுப் போனா எங்க குறிப்பெல்லாம் கையில குடுப்பீங்களா" என்று கேட்டாள். "ஏன் மேடம் போகப் போறீங்க?" என்றார் அவர், இனிக்க இனிக்க. இரண்டு முறை வேறு விதமாகக் கேட்டாள். இரண்டு முறையும் அதே இனிப்பு. அதற்கு மேல் அவளுக்கு அந்தச் செயலியில் பார்க்க ஒன்றும் இல்லை.

இப்படி நத்தையையும் விட முடியாமல், வேறு எதையும் பிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் பஸ் டிரைவர் விவகாரம் நடந்தது.

அவர் வீடுதான் அந்த அடித்தள வீடு. அன்றைக்குப் போனபோது முட்டி லேசாகச் சூடாக இருந்தது, கொஞ்சம் வீக்கமும் இருந்தது. படி ஏறி இறங்கும் பயிற்சியை நிறுத்தினாள். ஐஸ் வைக்கச் சொன்னாள், படுத்துக்கொண்டே செய்கிற பயிற்சிகளை மட்டும் விட்டுவைத்தாள். எல்லாவற்றையும் அங்கேயே, சிக்னல் இல்லாமலே, அவர் குறிப்பில் திருத்தி எழுதினாள். அதே நேரம் கிளினிக்கில், டிரைவரின் மகள் போன் செய்து, அழைப்பு மணி வேலை செய்யவில்லை, பின்வாசல் வழியாக வரச்சொல்லுங்கள் என்றிருக்கிறாள். ஜிம் அதே குறிப்பைத் திறந்து பின்வாசல் என்று சேர்த்திருக்கிறான்.

அவள் மேலே ஏறி வந்ததும் நத்தைக்கு இரண்டு குறிப்பு கிடைத்தது. எது சரி என்று அதற்குத் தெரியவில்லை. ஜிம் எழுதியதை முன்னால் வைத்துவிட்டு, அவள் எழுதியதை மோதல் என்று ஒரு தனி உறையில் போட்டு மூடிவைத்தது. பின்வாசல் வந்துவிட்டது. ஐஸ் போய்விட்டது. படிப் பயிற்சி பழையபடி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஜிம் போனான். "நேத்து வந்த அம்மா படி வேணாம்னாங்களே" என்று டிரைவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இல்லையே ஐயா, இதுல இருக்கே" என்று திரையைக் காட்டியிருக்கிறான் இவன். பிறகென்ன, கமான், இன்னும் ஒண்ணு.

டிரைவரின் மகள் போன் செய்தபோது அவள் வேறொரு வீட்டில் இருந்தாள். பாதியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள். முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. முட்டியை வீடியோ எடுத்து, சிக்னலுக்காக மேலே ஏறிப் போய் மேடத்துக்கு அனுப்பினாள். தையல் பிரியவில்லை, உள்ளே கெட்டதாக ஒன்றும் நடக்கவில்லை, ஓய்வு கொடுத்தால் வற்றிவிடும் என்று மேடம் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கீழே இறங்கி, ஐஸ் பையைத் துணியில் சுற்றி முட்டியில் வைத்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க ஐயா."

"விடுமா. திரையில இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் டிரைவர். "ஒரே வண்டிக்கு ரெண்டு பேரு ஸ்டீயரிங் பிடிச்சா இப்படித்தான். எங்க டிப்போல அப்படி விட மாட்டாங்க."

அந்த மனிதர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

கிளினிக்குக்கு வந்ததும் ஜிம்மை உட்கார வைத்தாள். "அவர் சொன்னாரு இல்ல? மேல ஏறி வந்து ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"அக்கா, சத்தியமா அதுல அப்படித்தான் இருந்துச்சு. நீங்களே பாருங்க."

பார்த்தாள். குறிப்பின் மேலே மஞ்சளாக ஒரு பட்டை. இந்தக் குறிப்புக்கு இன்னொரு வடிவம் உள்ளது, சரிபார்க்கவும் என்று அதில் எழுதியிருந்தது.

"இது என்னது?"

ஜிம் அந்தப் பட்டையை அப்போதுதான் பார்ப்பவன் போலப் பார்த்தான். "விளம்பரம்னு நெனச்சேன்க்கா. பழசுல எப்பவும் மேல வருமே. பாக்காம பாக்காம பழகிடுச்சு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவளும் முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பட்டையைத் தாண்டித்தான் வேறு எதையோ படித்திருந்தாள். அவளும் பார்க்கவில்லை.

தம்பிக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. "உன் சுதந்திரத்தை எல்லாம் என் பேஷண்ட் முட்டியில வெச்சா சோதிக்கறது?"

"அக்கா, அது எதையும் அழிக்கல. ரெண்டையும் பத்திரமா வெச்சிருக்கு. எச்சரிக்கையும் பண்ணியிருக்கு. வேற ஆப்பா இருந்தா ஒண்ண சத்தமில்லாம முழுங்கியிருக்கும்."

"முழுங்காம எடுத்து அலமாரில பூட்டி வெச்சுது. அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?"

"நான் சொல்ல வர்றது என்னன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வராத."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எரிச்சலே அதுதான். நத்தையிடம் எதைப் பற்றிக் கோபப்பட்டாலும் அதன் பக்கத்திலும் ஒரு நியாயம் ஒட்டிக்கொண்டு வந்தது. முழுசாக வெறுக்கவும் விடவில்லை, முழுசாக நம்பவும் விடவில்லை. பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்துப் பழகியவளுக்கே இது அலுத்துப்போயிற்று.

அன்றைக்கு மன்றத்தில் போய் உட்கார்ந்து எழுதினாள். தம்பியின் உதவி இல்லாமல், கோபத்தில் ஆங்கிலம் வராமல், தமிழிலேயே கொட்டித் தீர்த்தாள். தோளில் ஆரம்பித்து, இடம் மாறிய கொம்புகளுக்கு வந்து, மஞ்சள் பட்டையில் முடித்தாள். ஒரு மனிதரின் முட்டி வீங்கியிருக்கிறது என்றும், விளம்பரத்தோடு வளர்ந்த கண்ணுக்கு மேலே போடுகிற எச்சரிக்கை தெரியாது என்பது உங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லையா என்றும் எழுதினாள். யாருக்கும் புரியப்போவதில்லை என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு வார்த்தை கூடவே விழுந்தது.

அடுத்த நாள் பதில் வந்திருந்தது. தமிழில். எழுதியவர் பெயர் கடைவாய்ப்பல் என்றிருந்தது.

"நீங்கள் எழுதியதை முழுவதும் படித்தேன். கடைசி இரண்டு வார்த்தைகளையும் சேர்த்து. தோள் விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். தேடுதல் பகுதியை இப்போது பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். முடிந்தால் போனில் பேசுங்கள்" என்று எண்ணும் கொடுத்திருந்தாள்.

தராசுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் பேசினாள். அந்தப் பெண் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் விளக்கின் கீழே குனிந்து பல் செதுக்குவாள். நத்தையைப் பார்ப்பது லீவு நாளில், யாரும் சம்பளம் கொடுக்காமல். தன் குறிப்புகளைத் தேட முடியாமல் போனதால்தான் உள்ளே நுழைந்தாளாம். நுழைந்தவளை எல்லோருமாகச் சேர்ந்து உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நீங்க கோவமா எழுதினீங்க, சரி" என்றாள் கடைவாய்ப்பல். "என் பக்கம் எத்தனை புகார் நிக்குதுன்னு தெரியுமா? எல்லாரும் உடனே வேணும்ங்கறாங்க. ஒருத்தர்கூட எந்த போன், எந்த கீபோர்டுன்னு எழுத மாட்டாங்க. வேலை செய்யல, வேலை செய்யல. அவ்ளோதான். பல்லு வலிக்குதுன்னு எந்தப் பல்லுன்னு சொல்லாம வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்றது?"

தராசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோயாளிகள் அவளிடமும் அப்படித்தான் உட்காருவார்கள். "அந்த மஞ்சப் பட்டை?"

"அது வேற ஆளு. அவருக்குக் குழந்தை பிறந்திருக்கு. அதுக்கப்புறம் ஆளையே காணோம்."

"அப்போ யாரு சரி பண்ணுவா?"

"குழந்தை தூங்கினா அவரு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். தோளை ஒரே தோளாகப் பார்க்கும்படி மாற்றி, சோதனைக்கென்று ஒரு பதிப்பை அனுப்பினாள். தம்பி வந்து போட்டுக் கொடுத்தான். தோள் என்று தேடினாள். அத்தனை பேரும் வந்தார்கள்: டெய்லர், பெயின்டர், நீச்சல்காரப் பெண், கதவில் இடித்துக்கொண்ட டீச்சர். பழைய நண்பர்களைக் கூட்டத்தில் கண்டுபிடித்தது மாதிரி ஒவ்வொருவரையும் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே போகும்போது ஒன்று கண்ணில் பட்டது. குறிப்புகள் தேதிப்படி வராமல் முன்னும் பின்னுமாகக் குதித்தன. எப்போதோ குணமானவர் நேற்று வந்தவருக்கு மேலே நின்றார்.

இந்த முறை எந்தப் போன், எந்தக் கீபோர்டு, எதைத் தொட்டதும் என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள். "இப்படி ஒருத்தர் எழுதிப் பாத்ததே இல்ல" என்று கடைவாய்ப்பல் போனிலேயே சொன்னாள். தேதியும் சரியாகி வந்தது. கொம்பு மட்டும் அச்சில் இன்னும் பின்னால்தான் நின்றது. அது நத்தையின் தப்பு இல்லையாம், நத்தை கடன் வாங்கியிருக்கும் இன்னொரு மென்பொருளின் தப்பாம். அந்த மென்பொருளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தராசு கேட்கவில்லை. கேட்டால் அங்கேயும் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்திருக்கும்.

மோதலுக்கு வழி சொன்னதும் கடைவாய்ப்பல்தான். "ஒரே குறிப்ப ரெண்டு பேரு தொடாதீங்க. ஒவ்வொரு தடவை போறப்பவும் புதுசா ஒண்ணு போடுங்க. மேல பேஷண்ட் பேரு. பேரத் தேடினா எல்லாம் வரிசையா வரப்போகுது, அதான் தேடுறது இப்ப ஒழுங்காயிடுச்சே. அப்புறம் மோதறதுக்கு என்ன இருக்கு?"

இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை நாள் ஒருவரும் சொல்லாமல் சுதந்திரம் சுதந்திரம் என்று பேசிக்கொண்டிருந்தார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேடத்திடம் தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தது. ஜிம்மும் உட்கார்ந்திருந்தான். அவள் நல்லதையும் கெட்டதையும் சொல்ல ஆரம்பித்தாள். கெட்டது முடிந்து நல்லது வந்து, நல்லதற்குள் ஓர் ஆனால் வந்து, அந்த ஆனாலுக்கு ஓர் இருந்தாலும் வந்தது. கீழே கல் அறுக்கும் மெஷின் ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "தராசு முள்ளு நடுவுலயே நிக்குதா?"

"நிக்கல மேடம். ஆடுது."

"வேணுமா, வேணாமா?"

யாரும் அவளை இப்படி மடக்கிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் நழுவியிருப்பாள். பஸ் டிரைவரின் முட்டி நினைவுக்கு வந்தது. சம்மதம் என்ற ஒற்றைப் பொத்தானும், விற்பனையாளரின் இனிப்பும் நினைவுக்கு வந்தன.

"வேணும்" என்றாள். "எனக்கு அதைக் கண்டாலே எரிச்சலா வருது. ஆனா அதுகிட்ட என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியுது. மத்ததுகிட்ட தெரியல. ஒரு பேஷண்டோட குறிப்ப ரெண்டு பேரு திருத்தக் கூடாது, போறவங்க புதுசா எழுதணும். எதையாவது நிறுத்தினா போன்லயும் சொல்லணும். பயிற்சித் தாள் மட்டும் நான் கையால எழுதித் தர்றேன், அச்சு நம்பறதுக்கில்ல."

"ஆப்பும் வெச்சுக்கிட்டு போனும் பண்ணணுமாக்கா?" என்றான் ஜிம்.

"ஆமா, பண்ணணும்."

"சரி, அப்படியே வெச்சுக்கலாம்" என்றார் மேடம். "ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பாத்துக்கணும்."

இது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அதிலிருந்து கிளினிக்கில் நத்தைக்கு அவள்தான் வைத்தியர். வரவேற்பில் கணினி பதில் சொல்லாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள், அதற்கும் நத்தைக்கும் சம்பந்தமே இல்லாதபோதும். பஸ் டிரைவரின் வீக்கம் வற்றி, அவர் கைத்தடி இல்லாமல் தெருமுனைவரை போய்வர ஆரம்பித்தார். மன்றத்தில் அவளுடைய புகார்கள் நீண்டுகொண்டே போயின. எல்லாம் தமிழில், எல்லாம் விவரமாக.

கடைவாய்ப்பல்லோடு அடிக்கடி பேச்சு நடந்தது. பேச்சில் பாதி, நத்தையைத் திட்டுவது. ஒரு நாள் பேசும்போது அந்தப் பெண் கழுத்தைத் திருப்ப, நெட்டி முறியும் சத்தம் போனிலேயே கேட்டது. எவ்வளவு நாளாக என்று தராசு விசாரித்தாள். வருடக்கணக்காம். நாள் முழுக்கப் பல்லுக்குக் குனிவது, மிச்ச நேரம் நத்தைக்குக் குனிவது. வீடியோவில் வரச்சொல்லி, கழுத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப முடிகிறது என்று பார்த்தாள். எளிதாக நான்கு பயிற்சி சொல்லிக்கொடுத்து, கையாலேயே எழுதிப் படமெடுத்தும் அனுப்பினாள்.

அடுத்த வாரம் கேட்டாள். "செய்யறீங்களா?"

"எங்க? நேரமே இல்ல. உங்க புகாரைப் பாக்கவே நேரம் சரியாப் போயிடுது."

"குனிஞ்சு குனிஞ்சு உக்காந்தா அப்புறம் கையெல்லாம் மரத்துப்போகும். சொல்லிட்டேன்."

"செய்யறேன், செய்யறேன்" என்றாள் அவள், எல்லா நோயாளிகளும் சொல்லும் அதே குரலில்.

தராசு போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் யோசிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. போனை மறுபடி எடுத்து, "இப்பவே எழுந்து நில்லுங்க, நான் பாக்கறேன்" என்று வீடியோவில் அழைத்தாள்.